சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான்

"அவன் என் தம்பி இல்லைங்க" என்றாள் தையல்காரம்மா.

அவளுக்கு முன்னால், வெட்டுத் துணிகளுக்கு நடுவே, அவன்தான் தம்பி என்று முத்திரை குத்திச் சொல்லும் ஆய்வகத் தாள் கிடந்தது. தகப்பன் ரத்தமும் மகன் ரத்தமும் பொருந்துகின்றன, சந்தேகத்துக்கு இடமே இல்லை. அறிவியல் இவ்வளவு அடித்துச் சொல்லும்போது அக்கா ஒருத்தி இல்லை என்றால் யாரை நம்புவது?

துப்பறிவாளர் தாளைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார். அவருக்குக் கேள்விக்குறி என்று பெயர். முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும், வாயைத் திறந்தால் கேள்விதான் வரும், இரண்டுக்கும் சேர்த்து யாரோ வைத்தது. அவர் குடியிருக்கும் அறையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் கிடையாது. பகலில் அடுத்தவர் வீட்டு ரகசியம், சாயங்காலம் தன் வீட்டு வானொலி. பல வருஷமாக அவர் வாழ்க்கை இவ்வளவுதான்.

உதவிக்கு இருந்தவள் சில்வண்டு. முப்பதை எட்டிக்கொண்டிருந்தாள். வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

"சார், ஒண்ணு தாள் பொய் சொல்லுது, இல்ல இவங்க பொய் சொல்றாங்க. தாளுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள், கட்சிக்காரரை எதிரில் வைத்துக்கொண்டே.

தையல்காரம்மா கோபப்படவில்லை. கோபப்படும் கட்டத்தையெல்லாம் தாண்டி வந்தவள் மாதிரி இருந்தாள். வெளியே மழை. வாடிக்கையாளர் யாரும் இல்லை. கடைக்கு மேலேயே ஒரு அறையில் தனியாக இருக்கிறாள். தம்பி வீட்டை விட்டுப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா ரத்த வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"மூணு மாசம் முன்னாடி ஒருத்தன் வந்து மணி அடிச்சான். அப்பா கதவைத் திறந்து, வந்துட்டியாடான்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டார். அன்னிக்கே வீட்டுக்குள்ள வந்துட்டான்" என்றாள்.

"முகம் வித்தியாசம் தெரியலையா?" என்றார் கேள்விக்குறி.

"பெரிய வியாதியில கிடந்து எழுந்தவன். மருந்துல முகம் ஊதியிருக்கு, தோல் கறுத்திருக்கு, முடி கொட்டி முளைச்சதுல சுருட்டையா வந்திருக்கு. எதைக் கேட்டாலும் வியாதின்னு ஒரே பதில். நானும் முதல்ல நம்பினேன்."

"அப்புறம்?"

தையல்காரம்மா அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே பொத்தான்கள். சிவப்பும் பச்சையுமாக, ஒரே அளவு, ஒரே வடிவம்.

"ஒருநாள் அப்பாவோட இங்க வந்தான். இது கை தவறிக் கொட்டிடுச்சு. அவன் கீழ உட்கார்ந்து பொறுக்கினான். சிவப்பைத் தனியா, பச்சையைத் தனியா. ஒண்ணுகூட மாறல."

"நல்ல பிள்ளையாச்சே, எங்க வீட்டுக்கு ஒருநாள் அனுப்புங்க. துவைக்கிற துணியைப் பிரிச்சுத் தர ஆள் இல்ல" என்றாள் சில்வண்டு.

"என் தம்பியால அது முடியாது" என்றாள் அக்கா. "அவனுக்கு சிவப்பும் பச்சையும் ஒண்ணு. பிறவியிலேயே. சின்ன வகுப்புல இலைக்கெல்லாம் சிவப்பு அடிச்சு வெச்சான். மொத்த வகுப்பும் சிரிச்சுது. அழுதுட்டே வந்து, யார்கிட்டயும் சொல்லாதேக்கான்னு சத்தியம் வாங்கிட்டான். அப்புறம் அவனோட கலர் பென்சிலுக்கெல்லாம் கத்தியால வெட்டு போட்டு வெச்சேன். சிவப்புக்கு ஒரு வெட்டு, பச்சைக்கு ரெண்டு. அப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

சில்வண்டு வாயை மூடிக்கொண்டாள். கேள்விக்குறி அதை மனதுக்குள் குறித்துக்கொண்டார், அபூர்வமான நிகழ்ச்சி அல்லவா.

"வீட்டை விட்டு ஏன் போனார்?"

"அதனாலதாங்க. அப்பா தன் வேலையிலேயே அவனைப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். கண்ணாடித் தகட்டுல ரத்தத்தைத் தடவி சாயம் ஊத்திப் பார்ப்பாங்க, நிறத்தை வெச்சுத்தான் எந்த அணு என்னன்னு பிரிக்கணும். இவன் எல்லாத்தையும் மாத்தி மாத்திச் சொல்லியிருக்கான். அப்பாவுக்கு அத்தனை பேர் முன்னாடி அவமானமாப் போச்சு. 'குருடன்கூட உன்னைவிட நல்லாப் பார்ப்பான், என் முகத்துல முழிக்காதே'ன்னு சொல்லிட்டார். இவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாம கிளம்பிட்டான். நானும் சத்தியத்தைக் காப்பாத்திட்டு நின்னேன்."

"வந்தவன் தம்பி இல்லைன்னு அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"காரணத்தைச் சொல்லாம சொன்னேன். உடனே ஊசியை எடுத்தார். தன் கையாலேயே ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்து, தெரிஞ்ச ஆய்வகத்துக்கு அனுப்பினார். இந்தத் தாள் வந்துது. அதுமட்டும் இல்ல, எங்க குடும்பத்துல எல்லாருக்கும் ரத்தத்துல வெள்ளை அணு குறைச்சல். வியாதி இல்ல, பிறவி வாகு. அப்பா அதைக் கஞ்ச மஜ்ஜைன்னு பெருமையாச் சொல்வார். அவனுக்கும் அதே குறைச்சல். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும், நீ இனிமே இந்த வீட்டுக்கு வராதேன்னு கதவைச் சாத்திட்டார்."

அவள் பொத்தான் டப்பாவை மூடினாள். "சொத்துக்காக நான் வரல. என் தம்பி ரத்தம் அவன் உடம்புல எப்படி வந்துது? என் தம்பியை என்ன பண்ணினான்? உயிரோட இருக்கானா? அதைமட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

* * *

ரத்த டாக்டரம்மா கேள்விக்குறியின் பழைய சிநேகிதி. ஆஸ்பத்திரியில் தன் அறையில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாடு சாயங்காலத்துக்கு நகர்ந்து போயிருந்தது.

"ஒரே ஆள். ரத்தத்தைக் கேட்டா நான் மகன்னு சொல்லுது. கண்ணைக் கேட்டா இல்லைன்னு சொல்லுது. எதை நம்பறது?" என்றார் கேள்விக்குறி.

"ரெண்டையும்" என்றாள் டாக்டரம்மா, ரொட்டியை விடாமல். "பெரிய வியாதின்னு சொன்னீங்களே, என்ன வியாதி?"

"முடி கொட்டி முளைச்சிருக்கு. முகம் ஊதியிருக்கு."

"அப்போ எலும்பு மஜ்ஜை மாத்தியிருக்காங்க. ரத்தம் எலும்புக்குள்ள உற்பத்தியாகுது. அங்க இருக்கிற ஸ்டெம் செல்தான் அத்தனை அணுவுக்கும் தாய். ரத்தப் புற்றுநோய் வந்தா அதை முழுசா அழிச்சுட்டு, வேற ஒருத்தரோட தாய் செல்லை ஏத்துவோம். அது போய் எலும்புல குடியேறி, புதுசா ரத்தம் உண்டாக்கும். அதுக்கப்புறம் அந்த ஆளோட ரத்தத்தைச் சோதிச்சா, கொடுத்தவரைத்தான் காட்டும்."

"கண்ணு, தோலு, முடி?"

"எல்லாம் பழைய ஆளோடது."

சில்வண்டு விரலைச் சொடுக்கினாள். "வீட்டுக்காரர் பழையவர், சமையல்காரர் மட்டும் புதுசு."

"அதேதான். இதுல ஒரு சமாசாரம் இருக்கு. சமையல்காரர் வீடு மாறினாலும் கைப்பக்குவம் மாறாது. ஒவ்வொருத்தர் தாய் செல்லுக்கும் பிறவியிலேயே ஒரு சுபாவம். சிலரோடது மளமளன்னு பெருகும். சிலரோடது நிதானமா, அளந்துதான் அணுவை வெளிய விடும். பரம்பரையா வர்றது. இன்னொருத்தர் எலும்புக்குள்ள போய் உட்கார்ந்தாலும் அந்தச் சுபாவத்தை விடாது."

"கஞ்ச மஜ்ஜை" என்றார் கேள்விக்குறி மெதுவாக.

"யார் வெச்ச பேர்? நல்லாருக்கே. கொடுத்தவருக்கு வெள்ளை அணு குறைச்சல்னா வாங்கினவருக்கும் அப்படித்தான் இருக்கும். விஷயம் தெரியாத டாக்டர்னா, வைத்தியம் பலிக்கலையோன்னு அந்த ஆளைப் பயமுறுத்திட்டே இருப்பார்."

"கொடுத்தது யாருன்னு வாங்கினவருக்குத் தெரியுமா?"

"சில வருஷம் ஆனப்புறம், ரெண்டு பேரும் சம்மதிச்சா சந்திக்கலாம். எங்கேயோ ஒரு முகாம்ல பேர் கொடுத்தவன், முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு உயிர் கொடுத்திருப்பான். சந்திக்கிறப்போ ரெண்டு பேரும் அழுவாங்க, நான் பார்த்திருக்கேன்."

எழுந்திருக்கும்போது சில்வண்டு கேட்டாள். "டாக்டரம்மா, இதை முன்னாடியே எப்படிக் கண்டுபிடிச்சிருக்கலாம்?"

"தலையிலேர்ந்து ஒரு முடியை வேரோட பிடுங்கி அனுப்பியிருந்தா அன்னிக்கே வெளிச்சமாகியிருக்கும். ஆனா ரத்த வங்கியில காலம் தள்ளின மனுஷன் கைக்கு ஊசிதானே வரும். ரத்தத்தை விட்டு வேற எதை நம்புவார்?"

படியிறங்கும்போது சில்வண்டு சொன்னாள். "அந்த அப்பாவுக்கு முழு வழுக்கையாம் சார். முடின்னு ஒண்ணு இருக்கிறதே மறந்திருக்கும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கொடுத்தவன் எங்க சார்? கொடுத்த அன்னிக்கு உயிரோட இருந்தான். இப்போ?" என்று கேட்டாள்.

அதுதான் கேள்வி. மழை விட்டிருந்தது. எல்லா வீட்டிலும் யாரோ யாருக்காகவோ விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேள்விக்குறியின் அறை விளக்கை அவரே போய்ப் போட்டால்தான் உண்டு.

* * *

தையல்காரம்மாவின் அப்பா, அந்தப் பெரியவரின் வீடு மூன்றாவது மாடியில். தையல்காரம்மாவைக் கீழ்ப் படிக்கட்டில் நிறுத்திவிட்டு இருவரும் ஏறினார்கள். கேள்விக்குறி மணியை அழுத்தினார்.

உள்ளே பேச்சுக் குரல் சட்டென்று நின்றது. கதவிலிருந்த பார்வைத் துளை இருண்டது. இருண்டபடியே வெகுநேரம் இருந்தது. பிறகு சங்கிலி போட்டபடி கதவு ஒரு விரலளவு திறந்தது. ஊதிப்போன முகம், சுருட்டை முடி, நெற்றியில் வியர்வை. மூன்று மாதம் முன்னால் தம்பியாக வந்தவன் இவன்தான்.

"யாரு?" என்றான்.

"துப்பறியும் ஆட்கள். உங்களைப் பத்தி விசாரிக்க வந்திருக்கோம்" என்றார் கேள்விக்குறி பட்டென்று.

மோசடிக்காரன் இதைக் கேட்டால் முகம் வெளுக்க வேண்டும். இவன் பெருமூச்சு விட்டான். தோள்கள் தளர்ந்தன. "ஓ, நீங்களா. வாங்க" என்று சங்கிலியை எடுத்தான்.

"சார், நம்மளைப் பார்த்து நிம்மதியான முதல் குற்றவாளி இவன்தான். போட்டோ எடுத்து மாட்டிக்கலாம்" என்று கிசுகிசுத்தாள் சில்வண்டு. ஆனால் கேள்விக்குறி சிரிக்கவில்லை. அந்தப் பெருமூச்சு அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கூடம் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. பெரியவர் கொதித்து ஆறிய தண்ணீரைத் தம்ளரில் ஊற்றி, பக்கத்தில் மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "முதல்ல இதைப் போடு, அப்புறம் யார்கூட வேணாலும் பேசு" என்று வந்தவனிடம் சொன்னார். அவன் விழுங்கி முடிக்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் விருந்தாளிகள் பக்கம் திரும்பினார்.

"என் பொண்ணு அனுப்பினாளா?"

"ஆமாங்க."

"ரத்தம் பேசினப்புறம் நீங்க என்ன பேசப்போறீங்க?"

கேள்விக்குறி சுற்றி வளைக்கவில்லை. "ரத்தம் உங்க பையனோடது. ஆள் உங்க பையன் இல்லை. உங்க பையன் மஜ்ஜை கொடுத்திருக்கார். இவர் வாங்கியிருக்கார்."

வந்தவன் சுவரோரமாக நகர்ந்தான். சில்வண்டு கதவை மறித்து நின்றுகொண்டாள். பெரியவர் இடிந்து உட்காருவார், இல்லை நாற்காலியைத் தூக்கி அடிப்பார் என்று இரண்டுக்கும் தயாராக நின்றாள்.

பெரியவர் காலித் தம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தார்.

"தெரியும்" என்றார்.

சில்வண்டு கேள்விக்குறியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் பையன் பயிற்சியில இருந்தப்போ நானும் அவனும் மாத்தி மாத்தி ஊசி குத்திப் பழகுவோம். அவன் நரம்பு வழுக்கும். ஊசியைக் கொண்டு போனா நழுவி அந்தப் பக்கம் போயிடும். கட்டை விரலால அழுத்திப் பிடிச்சாத்தான் கிடைக்கும். இந்தப் பையன் கையில ஊசி வெச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. இது கம்பி மாதிரி இறுகிப்போன நரம்பு. வருஷக் கணக்கா மருந்து ஏறின நரம்பு. கழுத்துக்குக் கீழ குழாய் போட்ட தழும்பையும் பார்த்தேன். அடுத்த வாரம் தாள் வந்துது, ரத்தம் என் பையனோடதுன்னு. இந்தத் தொழில்ல இருந்தவன், எனக்கு வேற யார் வந்து விளக்கணும்?"

வந்தவன் ஓரடி முன்னால் வந்தான். "அப்பா, உங்களுக்கு" என்று ஆரம்பித்து, அந்த முதல் வார்த்தை தனக்குச் சொந்தமில்லை என்று நினைவு வந்தவனாக நிறுத்திக்கொண்டான்.

"தெரிஞ்சும் பொண்ணை ஏன் விரட்டினீங்க?" என்றார் கேள்விக்குறி.

"அவ கேட்டுருவா." பெரியவரின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "தம்பி எங்கேன்னு இவனைப் பிடிச்சு உலுக்கிக் கேட்டுருவா. இவனும் சொல்லிடுவான். செத்துப்போயிட்டான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? கேக்காத வரைக்கும் எங்கேயோ இருக்கான்னு வெச்சுக்கலாம். இவனுக்குச் சோறு போட்டா அந்த ரத்தத்துக்குப் போட்ட மாதிரி. காய்ச்சல்னா நெத்தியைத் தொட்டுப் பார்க்கலாம். எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்."

மூன்று மாதமாக ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் கேட்காமலும் ஒருவர் சொல்லாமலும் சாப்பிட்டிருக்கிறார்கள். இதைவிட என் அறையின் வானொலி எவ்வளவோ தேவலை என்று கேள்விக்குறிக்குத் தோன்றியது. தோன்றிய மறுகணமே அது பொய் என்றும் தெரிந்தது.

கதவு திறந்தது. தையல்காரம்மா படியேறி வந்து, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"உள்ள வரலாமாப்பா?" என்றாள்.

பெரியவர் அவளைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ ஊசி குத்திப் பார்க்கலையே."

அவள் சொன்னாள். வகுப்பு சிரித்ததை, கலர் பென்சிலில் போட்ட வெட்டை, சத்தியத்தை, சாயத் தகட்டில் தம்பிக்கு எல்லா அணுவும் ஒரே சேறாகத் தெரிந்ததை. மெதுவாக, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, 'தெரியும்' என்று நிமிர்ந்து சொன்ன மனிதர் சுருங்கிக்கொண்டே போனார். இது அவருக்குத் தெரியாதது.

"குருடன்னு சொன்னேனே" என்றார். "நிஜமாவே தெரியாத பிள்ளையைப் பார்த்துச் சொன்னேனே. சோம்பேறின்னு நினைச்சேன். ஐயோ, அவன் ஒரு வார்த்தை சொல்லலையே." கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து சொட்டியது, துடைக்கவில்லை. "இனிமே யார்கிட்ட போய் மன்னிப்புக் கேப்பேன்?"

"உங்க பையன்கிட்டயே கேக்கலாம்" என்றார் கேள்விக்குறி. "உயிரோட இருக்கார்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மணி அடிச்சப்போ இவர் பயந்து பயந்து பார்த்தார். துப்பறியும் ஆட்கள்னு சொன்னதும் நிம்மதியாயிட்டார். போலீஸையோ எங்களையோ பார்த்து இவருக்குப் பயம் இல்லை. அப்போ இந்தக் கதவுக்கு வெளிய யார் நிப்பாங்கன்னு பயம்? செத்தவன் வந்து மணி அடிக்க மாட்டான்." அவர் வந்தவன் பக்கம் திரும்பினார். "நான் சொல்றது சரிதானா?"

வந்தவன் தலையை ஆட்டினான். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"நல்லா இருக்கான். கடலோரமா ஒரு கிடங்குல வேலை. தனியாத்தான் இருக்கான்" என்றான். "எனக்கு வெள்ளை அணு ஏறவே இல்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். அவன்தான் சொன்னான், பயப்படாதே, அது எங்க வீட்டு வாகு, எங்கப்பாவுக்கும் அப்படித்தான், போய்க் கேட்டுப் பாரு. அப்படியே என்னைப் பத்தி ஏதாவது கேக்கிறாரான்னும் பாரு, கேட்டா நான் வரேன்னு சொன்னான். அதுக்குத்தான் வந்தேன். சத்தியமா அதுக்கு மட்டும்தான்."

"அப்புறம் என்னடா ஆச்சு?" என்றாள் சில்வண்டு. அவள் குரலில் விளையாட்டு இல்லை.

"மணி அடிச்சேன். கதவு திறந்துது. இவர் என்னைக் கட்டிப் பிடிச்சுட்டார்." அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "வைத்தியத்தப்போ மாசக் கணக்கா ஒரு கண்ணாடி அறையில இருந்தேன். எல்லாரும் கையுறை போட்டுத்தான் தொடுவாங்க. அதுக்கு முன்னாடியும் அப்பா அம்மான்னு எனக்கு யாரும் கிடையாது, விடுதியில வளர்ந்தவன். என்னை வெறும் கையால கட்டிப் பிடிச்ச முதல் ஆள் இவர்தான். நான் அவன் இல்லைன்னு அந்த நிமிஷம் சொல்ல முடியல. அடுத்த நாளும் சொல்ல முடியல."

"உங்களை அனுப்பினவர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றார் கேள்விக்குறி. குற்றம் அங்கேதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உன் பேரை எடுத்ததும் உங்கப்பா வாசல்லயே என்னை விரட்டிட்டார்னு போன்ல சொன்னேன். சரி விடுன்னான். அதுக்கப்புறம் அவன் கேக்கவே இல்லை. என்னிக்காவது கிளம்பி வந்துடுவானோன்னு, மணி அடிக்கிறப்பல்லாம் எனக்கு உயிர் போயிட்டு வரும்."

நகை திருடியவர்களை, நிலம் திருடியவர்களை எல்லாம் கேள்விக்குறி பிடித்திருக்கிறார். வாயில் வந்தபடி திட்டியும் இருக்கிறார். இவன் திருடியது ஒரு தகப்பனின் அணைப்பை. உயிர் கொடுத்தவனிடமிருந்தே திருடியிருக்கிறான், பாவி. ஆனாலும் திட்ட ஒரு சொல் கிடைக்கவில்லை. அவருக்கு அவன்மேல் வந்தது கோபமும் இல்லை, பரிதாபமும் இல்லை, பயம்தான். இந்த மாதிரி ஒரு கதவு எனக்குத் திறந்திருந்தால் நான் மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பேனா?

"போடு" என்றார் பெரியவர்.

வந்தவன் புரியாமல் பார்த்தான்.

"அவனுக்கு போன் போடுடா."

அவன் இரண்டு முறை எண்ணைத் தவறாக அழுத்தினான். பிறகு மணி போனது. பெரியவருக்குக் காது மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தான்.

"சொல்லு, உடம்பு எப்படி இருக்கு? அணு ஏறிச்சா?" என்றது ஒரு குரல். பின்னால் லாரி இரைச்சல்.

அக்கா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பெரியவர் குனிந்தார்.

"நிறம் தெரியலைன்னு ஏன்டா என்கிட்ட சொல்லல?"

லாரி இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் விலகியது, அவன் எங்கோ ஒதுங்கிப் போய் நின்றிருக்க வேண்டும்.

"அப்பா?"

"தப்புப் பண்ணிட்டேன்டா. வாய் கூசாம அந்த வார்த்தையைச் சொல்லிட்டேன். அக்கா இப்பத்தான் சொன்னா. மன்னிச்சுக்கடா."

அந்தப் பக்கம் அழுகையை அடக்கும் சத்தம். பிறகு சின்னப் பையன் மாதிரிக் கேட்டான். "அப்புறம் ஏன்ப்பா விரட்டினீங்க? நான் ஒரு ஆளை அனுப்பினேனே. என் பேரைச் சொன்னதும் கதவைச் சாத்திட்டீங்களாமே."

அக்கா வந்தவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒரே ஒரு உண்மை போதும், அவனுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சிநேகிதனும் போய்விடுவான்.

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போன் பக்கம் குனிந்தார்.

"ஆமாடா. புத்தி கெட்டுப்போய்ச் சாத்திட்டேன். அவன் போகல. மறுபடி வந்தான், மறுபடி மணி அடிச்சான், நான் திறக்கிற வரைக்கும் அடிச்சான். இப்ப என் பக்கத்துலதான் இருக்கான். நல்ல ஆளைத்தான் அனுப்பியிருக்கே. நீ கிளம்பி வா."

வந்தவன் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். பெரியவர் மகனோடு பேசிக்கொண்டே எழுந்து போய், அவன் கையைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.